புது ஸ்பிரிங்குக்குப் பழைய ஆயில்

1

நான் நியூசிலாந்தில் வந்து இறங்கிய நாள் எங்கள் வீட்டில் ஒரு சின்னத் திருநாள். காலையில் பூசை, மதியம் பிரியாணி, சாயங்காலம் என் மனைவி பிலோமினாவின் தனிநடிப்பு. விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் என் பெட்டியைத் திறந்து, கருவாட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இது என்ன என்று கேட்டபோது நான் "மருந்து" என்று பதில் சொன்ன காட்சி. இருபத்திரண்டு வருஷமாக ஓடுகிற நாடகம்.

போன சனிக்கிழமை அந்த நாள் வந்தது. பூசை இல்லை, பிரியாணி இல்லை. ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் திடலில், ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, நான் என் மகள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். பிலோமினாவுக்கு அன்றைக்கு முதியோர் இல்லத்தில் வேலை நாள் என்பது மட்டும்தான் ஆறுதல். அவள் பார்த்திருந்தால் அடுத்த இருபத்திரண்டு வருஷத்துக்குப் புது நாடகம் கிடைத்திருக்கும்.

மகள் பேர் ஜெனி. வயது இருபத்தொன்று. இங்கேயே பிறந்தவள். பொறியியலில் சேர்த்தோம். ஒரு வருஷம் போய்விட்டு, "அங்க எல்லாரும் வரையறாங்கப்பா, ஒருத்தரும் கழட்ட மாட்டேங்கறாங்க" என்று சொல்லி நின்றுவிட்டாள். இப்போது டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. சம்பளம் வந்ததும் முதல் காரியமாக, தன்னைவிட வயதில் மூத்த ஒரு ஜப்பான் காரை வாங்கி வந்து எங்கள் ஷெட்டில் நிறுத்தினாள். அதில் டிரிஃப்ட் ஓட்டப்போகிறாள் என்றாள்.

டிரிஃப்ட் என்றால் என்னவென்று எங்கள் ஊர் மரக்காணத்தில் இருப்பவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மழை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை வளைவில் நம் தனியார் பஸ் ஒன்று பின்பக்கம் வழுக்கி, குறுக்காகவே கொஞ்ச தூரம் போகும். உள்ளே இருப்பவர்கள் அவரவர் சாமியைக் கூப்பிடுவார்கள். பஸ் விருப்பமில்லாமல் செய்கிற அதையே இங்கே விரும்பிச் செய்கிறார்கள். வளைவு முழுக்கக் குறுக்காகவே போக வேண்டும். சுவருக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறாயோ அவ்வளவு மதிப்பெண். நான் ஓட்டும்போது சுவருக்குப் பத்தடி தள்ளிப் போவேன். அது சுவராக இல்லாமல் நிறுத்தி வைத்த கார் வரிசையாக இருந்தாலும் சரி.

சனிக்கிழமை அவளுக்குப் போட்டி உரிமம் வாங்கும் ஓட்டம். இரண்டு தரம் ஓட விடுவார்கள், ஒன்றிலாவது தேற வேண்டும். தேறினால் தெற்குத் தீவில் ஒரு பந்தயப் பட்டறை அவளை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தேறாவிட்டால் அடுத்த பருவம்தான். அதுவரை அந்த வேலை காத்திருக்காது.

ஆக, அவள் தேறினால் வீட்டை விட்டுப் போய்விடுவாள். தேறாவிட்டால் அழுவாள். தேறுவதற்கு நடுவில் சுவரில் மோதினால் என்ன ஆகும் என்பதை நான் மூன்று வாரமாக, படுத்தால் எழுந்தால், பால்மாவு ஆலையில் மூட்டை எண்ணும்போது, பூசையில் முழங்காலில் நிற்கும்போது, யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றில் எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாததால் பொதுவாக ஒரு பரலோக மந்திரம் சொல்லி விட்டுவிடுவேன்.

2

கார் இருக்கட்டும், முதலில் நம் ஊர் இரும்பு.

உப்பளக் காற்றில் ஜன்னல் கம்பி ஐந்து வருஷத்தில் அப்பளம் ஆகிவிடும். கேட்டைத் தள்ளித் திறந்தால் கேட்டின் பாதி கையோடு வரும். எங்கள் பங்குக் கோயில் உபதேசியார் ஒருநாள் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து மொபெட்டில் போனபோது, வண்டி நடு ரோட்டில் இரண்டாகப் பிரிந்தது. உபதேசியார் ஹேண்டில்பாரோடு ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். பின்பாதியில் அந்த அம்மா உட்கார்ந்தபடியே, "ஏங்க, வீடு வந்துடுச்சா?" என்று கேட்டதாக என் அண்ணன் சொல்வார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் அண்ணன் சொல்வதில் பாதியை நான் நம்புவதில்லை. எந்தப் பாதி என்பதில்தான் ஒவ்வொரு முறையும் தவறு செய்கிறேன்.

அண்ணன் சவரிமுத்து முப்பது வருஷமாக உப்பு லாரி ஓட்டுகிறார். மூட்டையிலிருந்து கசிகிற உப்புத் தண்ணீர் லாரியின் அடிச்சட்டத்தைத் தின்னும். ஸ்பிரிங் பட்டைகளைத் தின்னும். அதற்கு நம் ஊரில் ஒரே வைத்தியம், எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயில். மாதம் ஒரு முறை லாரிக்கு அடியில் படுத்து, கண்ணில் படுகிற இரும்புக்கெல்லாம் பிரஷ்ஷால் பூச வேண்டும். எஃப்.சி.க்குப் போகிற லாரிக்கு அடியில் கறுப்பாக மினுமினுத்தால், வைத்திருப்பவன் அக்கறையானவன் என்று பேர்.

அதனால்தான் மரக்காணத்துக்காரன் பழைய ஆயிலைக் கொட்ட மாட்டான். நானும் கொட்டவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் நாலு வீடு மாறியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் ஷெட்டின் மூலையில் ஒரு கேன் இருக்கும். எதற்கு என்று பிலோமினா கேட்பாள். "இருக்கட்டும்" என்பேன்.

3

இரண்டு மாதம் முன்பு ஜெனிக்கு ஒரு பெரிய பெட்டி வந்தது. பிரித்தால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த நாலு உருப்படி, தங்க நிறத்தில். மோதிரம் வைக்கிற பெட்டி அளவுக்கு இருந்திருந்தால் கல்யாணப் பேச்சு என்று நினைத்திருப்பேன். கூடவே, சக்கரம் சாதாரணக் காரைவிட இரண்டு பங்கு திரும்புகிற மாதிரிச் சில இரும்புக் கைகள், நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்டீரிங் ராடுகள்.

ஒரு வாரம் வேலை முடிந்து வந்து தனியாகவே மாட்டினாள். பிறகு வீல் அலைன்மென்ட். நம் ஊரில் திண்டிவனம் போய் மெஷினில் ஏற்றினால் பத்து நிமிஷத்தில் ஒரு காகிதம் தருவார்கள். இவள் ஷெட்டிலேயே செய்தாள். காருக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, நரம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடிக்கோலால் அளந்தாள். ராடை அரைச் சுற்று திருகுவாள், காரை முன்னும் பின்னும் உருட்டுவாள், மறுபடி அளப்பாள். மூன்று சாயங்காலம் போனது. கடைசியில் பார்த்தால் முன்சக்கரம் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, பாரம் தூக்கியவன் கால் மாதிரி நின்றன.

"ஏம்மா, சக்கரம் சாஞ்சிருக்குதே."

"சாய்ச்சுதான்ப்பா வச்சிருக்கேன்."

"பின்னாடி நேரா இருக்குது."

"பின்னாடி நேராத்தான் இருக்கணும். அங்க டயர் முழுசா தரையில படணும்."

"அப்ப முன்னாடி முழுசா பட வேணாமா?"

"ஸ்டீரிங்க முழுசா திருப்பும்போது படும். நீ நேராப் போறவன், உனக்கு எதுக்கு இது?"

அவள் தமிழ் எங்களிடம் கற்றதைவிடப் பெரியப்பாவிடம் போனில் கற்றது அதிகம். அதனால் கொஞ்சம் லாரி வாடை அடிக்கும்.

சஸ்பென்ஷனை மாற்றினால் அரசாங்கத்திடம் சான்று வாங்க வேண்டும். அவளுக்கு லீவு கிடைக்காததால் படிவத்தோடு நான் போனேன். கவுண்டரில் இருந்த பெண், உங்களுக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்டாள். "தகப்பன்" என்றேன். அவள் தட்டச்சு செய்துகொண்டாள். அச்சிட்டு வந்த தாளில் அந்த வரி வாகனத்துக்கு நேராக இருந்தது. திருத்த இன்னொரு படிவம் வேண்டுமாம். அதற்கு அடையாளச் சான்று இரண்டு வேண்டுமாம். விட்டுவிட்டேன். இந்த நாட்டுக் கோப்பில் எனக்கு ஒரு மகளும் ஒரு காரும் பிறந்திருக்கின்றன.

4

வியாழக்கிழமை அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். எனக்கு மத்தியானம், அவருக்குக் காலை. உப்பு ஏற்றுகிற இடத்தில் லாரிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். போனைக் காருக்கு அடியில் நீட்டி எல்லாவற்றையும் காட்டினேன்.

"தங்கமாட்டம் இருக்குதேடா. என்னா, நகைக்கடைல வாங்கினாளா?"

"ஜப்பான்லேருந்து வந்துச்சு அண்ணே."

"ஆயில் அடிச்சியா?"

"இங்க அதெல்லாம் அடிக்க மாட்டாங்கண்ணே."

"அடிக்க மாட்டாங்களா? கடலு எவ்ளோ தூரம் உங்களுக்கு?"

"முப்பது கிலோமீட்டர் இருக்கும்."

"முப்பதா. டேய், உப்புக்காத்து அறுபது போவும்டா. இங்க பக்கத்து ஊரு பிரம்மதேசத்துல வயக்காட்டுக்கு நடுவுல இருக்கிறவன் கேட்டுல ஓட்ட உழுவுது. புள்ள அதுல குறுக்கால போறேன்னு சொல்லுது, நீ இரும்ப மொட்டையா வச்சிருக்கிற. நடுவுல ஒண்ணு உடைஞ்சா?"

அந்தக் கடைசி வார்த்தைதான். மூன்று வாரமாக என் வயிற்றில் பேரில்லாமல் கிடந்த பயத்துக்கு அண்ணன் ஒரு பேர் வைத்துவிட்டார். துரு.

"நட்டெல்லாம் ஒரு தபா பாத்துடு. பொம்பளப் புள்ள டைட் வச்சது" என்று வேறு சொன்னார்.

நானும் தலையாட்டினேன். அவள் டிராக்டர் சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிறவள். நான் ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அவளைத்தான் கூப்பிடுவேன். இருந்தும் தலையாட்டினேன்.

5

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் நான் உடம்பு சரியில்லை என்று ஆலைக்குச் சொல்லிவிட்டேன். அது பொய்யும் இல்லை.

ஜாக்கியில் காரைத் தூக்கி ஸ்டாண்டு வைத்தேன். ஸ்டாண்டு வழுக்கினால்? பக்கத்தில் இன்னொரு ஸ்டாண்டு. அதுவும் வழுக்கினால்? கழற்றிய சக்கரங்களை அடியில் தள்ளினேன். அதற்கு மேல் பிலோமினாவின் அம்மிக்கல்லையும் வைத்தேன். இவ்வளவுக்குப் பிறகும் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டுதான் அடியில் போனேன். கடைசியில் அந்த வசதிக்காக, தலை பம்பர் பக்கமும் கால் கியர்பாக்ஸ் பக்கமுமாக, தலைகீழாகப் படுக்க வேண்டியதாயிற்று.

பிரேக் தட்டுகளில் எண்ணெய் படக்கூடாது என்ற அறிவு எனக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் கடைப்பை ஒன்றைக் கட்டினேன். பிறகு கேனைத் திறந்தேன். அந்த வாசனைக்கு நான் சட்டென்று இருபது வயதுக்காரன் ஆனேன். ஸ்பிரிங், ஷாக், கைகள், ராடுகள், ஒன்றையும் விடவில்லை. தங்கம் கறுப்பானது. மினுமினுத்தது. மூன்று வாரத்தில் முதல்முறையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

நட்டுகளையும் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி இருந்தன. இடது பக்க ஸ்டீரிங் ராடில் உள்ள நட்டு மட்டும், ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு இழுத்தபோது, க்ரக் என்று ஒரு சத்தத்தோடு கால் சுற்று நகர்ந்தது. பார்த்தாயா, லூசாக இருந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடவுள்தான் என்னை அனுப்பினார் என்றும் சொல்லிக்கொண்டேன். அதை எழுதவே இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஜெனியிடம் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை விடியும் முன்பே கிளம்பினோம். இருட்டிலேயே காரை டிரெய்லரில் ஏற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நல்லது செய்த மனுஷனின் முகத்தோடு போனேன்.

6

திடலில் முதலில் பரிசோதனை. கையில் டார்ச்சோடு வந்தவள் நடுவயதுப் பெண், குட்டை முடி, சிரிக்காத முகம். காரின் பானெட்டைத் திறந்து பார்த்தாள், சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், சக்கரங்களை ஆட்டிப் பார்த்தாள், அடியில் டார்ச் அடித்தாள். எழுந்தாள்.

"ஷாக் ஒழுகுகிறது. நாலும்."

"புதுசு" என்றாள் ஜெனி.

"புதுசும் ஒழுகும்."

நம் ஊரில் அக்கறை என்று பேர் வாங்குவது இங்கே ஒழுகல் என்று பேர் வாங்குகிறது. ஓடுதளத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் பின்னால் வருகிறவனுக்கு ஆபத்தாம். ஒழுகுகிற காரை விட மாட்டார்களாம். அந்தப் பெண் விரலால் தொட்டு முகர்ந்தாள். "இது ஷாக் எண்ணெய் இல்லையே. எஞ்சின் எண்ணெய். பழையது."

ஜெனி முதலில் எஞ்சினைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா."

நான் என் சட்டை நுனியைப் பார்த்தேன். அதிலும் ஒரு கறுப்புத் திட்டு இருந்தது.

"பெரியப்பா சொன்னாருன்னு..."

"எங்கெங்க தடவின?"

"எல்லாத்துலயும்."

ஏன் இப்படிச் செய்தார் என்று அந்தப் பெண் கேட்டாள். ஜெனி, "அவங்க ஊர்ல உப்பு" என்று இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தாள். பச்சைப் புல், அதில் பசு மாடுகள், அதற்கு அப்பால் மலை. மறுபடி என்னைப் பார்த்தாள். உப்பு எங்கே என்று அவள் கேட்கவில்லை.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விட மாட்டோம் என்று அந்தப் பெண் சொன்ன அந்த நொடியில், என் உள்ளே எங்கேயோ ஒருவன் நிம்மதியாக உட்கார்ந்தான். போகட்டும், பத்திரமாக வீட்டுக்குப் போகலாம், தெற்குத் தீவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று. ஜெனியின் முகத்தைப் பார்த்ததும் அவனை எழுப்பி நிறுத்தினேன். ஆனால் அவன் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள். துடைத்துக் காட்டினால் பார்க்கலாம் என்றாள் அந்தப் பெண். பக்கத்துக் கூடாரத்தில் டோனா என்று ஒருத்தி, பால் பண்ணைக்காரி, தன் காரை விட்டுவிட்டு எண்ணெய் துடைக்கிற ஸ்பிரே ஒரு பெட்டியோடு ஓடி வந்தாள். ஜெனியும் அவளும் அடியில் புகுந்தார்கள். நானும் ஒரு துணியை எடுத்தேன்.

"தொடாத. கையக் கட்டிக்கிட்டு அங்க நில்லு."

நின்றேன். பள்ளிக்கூடத்தில் உபதேசியார் நிற்கவைத்த பிறகு இப்படி நின்றதில்லை.

"வேற எதனா பண்ணியா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"இல்லம்மா."

நட்டை நான் சொல்லவில்லை. மறைத்தேன் என்றும் சொல்ல முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் போய் யாராவது செய்த நல்ல காரியத்தைச் சொல்வார்களா?

கடைசி நிமிஷத்தில் அந்தப் பெண் வந்து டார்ச் அடித்து, ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனாள். ஜெனி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வரிசைக்கு ஓட்டிப் போனாள்.

7

வரிசையில் ஏழு கார்கள். நான் வேலிக்கு வெளியே.

டோனா தன் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ இறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் செய்ய வேலை இல்லை, கையும் இன்னும் கட்டித்தான் இருந்தது. அவள் கையையே பார்த்தேன். அவள் தலை காருக்கு அடியில், கால் வெளியே. நான் படுத்திருந்தது நேர் எதிராக. அவள் இழுக்கிற திசையைப் பார்த்தேன். என் கையை அவிழ்த்து, காற்றில் ஒரு ஸ்பேனரைப் பிடித்து, நான் வெள்ளிக்கிழமை இழுத்த மாதிரி இழுத்துப் பார்த்தேன். வேறு திசை. படுத்திருந்ததை நினைத்துக்கொண்டு தலையைச் சாய்த்து இன்னொரு முறை இழுத்தேன். அப்போதும் வேறு திசை.

"டோனா, அந்த நட்டைக் கழற்ற வேண்டுமானால் எந்தப் பக்கம் இழுப்பாய்?"

அவள் காட்டினாள்.

அந்த நட்டு, அளந்து வைத்த ராடு திரும்பாமல் பூட்டி வைக்கிற நட்டு. நான் அதை இறுக்கவில்லை. அவிழ்த்திருக்கிறேன். அந்த க்ரக் சத்தம், அவள் வைத்த இறுக்கம் விட்ட சத்தம். இனி ஸ்டீரிங்கை முழுசாகத் திருப்பி, குலுங்கிக் குலுங்கிப் போகும்போது ராடு தானாகத் திரும்பும். அவள் ஒரு பக்கம் நினைத்தால் சக்கரம் இன்னொரு பக்கம் போகும். சுவர்ப் பக்கம்.

வரிசையில் அவளுக்கு முன்னால் இரண்டே கார்.

வேலியைத் தாண்டினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வேலியில் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் நடந்தது. பேன்ட்டின் பின்பக்கம் கிழிந்து, ஒரு வழியாக அந்தப் பக்கம் விழுந்து, ஓடினேன். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டுக்குப் பின்னால் போங்கள் சார் என்றார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த நாட்டில் வேலை செய்கிறேன், வரி கட்டுகிறேன், தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசியிருக்கிறேன். அந்த நிமிஷம் எனக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் வரவில்லை. என் கையைத் தூக்கிக் காட்டி, "இது, இது" என்றேன். கையில் அடிபட்டிருக்கிறது என்று நினைத்து ஒருவர் முதலுதவிப் பெட்டிக்கு ஆள் அனுப்பினார்.

"ஏய் ஜெனி, போவாதடி, நட்டக் கழட்டிட்டேன்டி, நான்தான் கழட்டிட்டேன்" என்று கத்தினேன். உப்பளத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கூப்பிடுகிற குரல். அவளுக்கு முன்னால் ஒரே கார். ஹெல்மெட்டுக்குள் காது கேட்காது. எஞ்சின்கள் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்தன.

அவள் எதற்குத் திரும்பினாள் என்று எனக்குத் தெரியாது. திரும்பினாள். அப்பன் இரண்டு ஆட்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு, காற்றில் ஸ்பேனர் சுற்றுவதைப் பார்த்தாள். ஒரு முறை சுற்றினேன், இடது பக்கம் கை காட்டினேன், மறுபடி சுற்றினேன்.

கார் வரிசையை விட்டு வெளியே வந்தது.

8

கண்ணாடியை இறக்கினாள்.

"எந்த நட்டு?"

"ஸ்டீரிங் ராடு. லெஃப்ட்டு. இறுக்கறதா நினைச்சும்மா..."

இறங்கினாள், படுத்தாள், கை விட்டாள். ஸ்பேனர்கூட வேண்டியிருக்கவில்லை. விரலாலேயே அந்த நட்டைச் சுழற்றி எனக்குக் காட்டினாள். திட்டுவாள் என்று நின்றேன். அவள் எழுந்து டேப்பைத் தேடினாள்.

பேர் கூப்பிட்டுவிட்டதால் முதல் ஓட்டம் போய்விட்டது. இரண்டாவது மட்டும்தான் பாக்கி. தூண்டில் நரம்பு கட்ட நேரமில்லை. முன்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் டேப் பிடித்து, முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுத்தால் போதும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும்.

"அப்பா, இந்த முனையப் புடி."

பிடித்தேன். அவள் மறுமுனையில் எண்ணைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"ஆட்டாத."

"ஆட்டலம்மா."

"உன் கை ஆடுதுப்பா. ரெண்டு மில்லிமீட்டர் கூடுது, கொறையுது."

இரண்டு கையாலும் பிடித்தேன். இப்போது இரண்டு கையும் ஆடின. அவள் பக்கத்துக் கூடாரத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு, "டோனா" என்று கூப்பிட்டாள். டோனா வந்து என் கையிலிருந்து டேப்பை வாங்கிக்கொண்டாள். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. பெரிய பூசையில் வயசானவர் கையிலிருந்து எரிகிற மெழுகுவர்த்தியை வாங்கிக்கொள்வது மாதிரி வாங்கிக்கொண்டாள்.

மூன்று மில்லிமீட்டர் மாறியிருந்தது. வரிசைக்கு ஓட்டிப் போனதிலேயே அவ்வளவு. சரிசெய்தார்கள். ஜெனி படுத்து நட்டை இறுக்கினாள், அதே க்ரக் சத்தம். எழுந்து கையைத் துடைத்தாள். என் பேன்ட்டின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"கிழிஞ்சிருக்குது."

"தெரியும்."

"அம்மாகிட்ட என்னா சொல்லப் போற?"

"நீ என்னா சொல்லுவ?"

"நான் எதுக்குச் சொல்றேன். நீயே நடிச்சுக் காட்டு" என்று சொல்லி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

ஆரஞ்சுச் சட்டைக்காரர்களில் ஒருவர், என்னைப் பாவம் பார்த்தோ, பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் பத்திரம் என்றோ, தன்னோடு வரச்சொன்னார். வளைவின் வெளிப்பக்கம், கான்கிரீட் சுவருக்குப் பின்னால், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார். சுவர் என் மார்பு உயரம். அதைத்தான் மூன்று வாரமாகக் கண்ணை மூடினால் பார்த்துக்கொண்டிருந்தேன். கையால் தொட்டேன். வெயிலில் கதகதவென்று இருந்தது.

நீங்கள் தவிக்க வேண்டாம், முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேறினாள். அடுத்த மாதம் போகிறாள். அண்ணனுக்குச் சொன்னேன். ஆயில் அடித்ததுதான் காரணம் என்கிறார். மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

ஆனால் அந்த ஒரு ஓட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் எஞ்சின் சத்தம் ஏறியது. கார் நேராக வந்தது. வளைவு தொடங்கும் இடத்தில் பின்பக்கம் வழுக்கி வெளியே வந்தது. அவ்வளவுதான் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அது சுற்றவில்லை. குறுக்காகவே வந்தது, புகையை இழுத்துக்கொண்டு, என்னை நோக்கியே வந்தது. கார் குறுக்காக வரும்போது ஓட்டுகிறவர் முன்கண்ணாடி வழியாகப் பார்ப்பதில்லை, அதில் தெரிவது வேறு திசை. பக்கத்துக் கதவின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். அதனால் முழு முகமும் எனக்குத் தெரிந்தது. சுவரிலிருந்து இரண்டு முழம் இருக்கலாம். அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை நான் பார்த்து வெகு நாளாகிறது. ஹெல்மெட்டுக்குள் கண் அகலமாகத் திறந்திருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

அவள் பார்வை என்மேல் படவில்லை. என் தோளுக்குப் பின்னால், தான் போக வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.